பட்டினி முற்றுகை

தனுஷ்கோடி எதையும் கணக்குக் கேளாமல் ஒப்புக்கொள்ளும் மனிதர் அல்லர். கல்லீரலில் புற்றுக்கட்டி என்று மதுரையில் படம் எடுத்துச் சொன்னபோதும், அறுத்தெடுக்க இயலாத அளவு அது படர்ந்துவிட்டது என்று சொன்னபோதும் அவர் கண் கலங்கவில்லை. ராஜபாளையம் திரும்பி, தம்மை முதலில் சோதித்த டாக்டர் கிருபாபாயின் அறையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

“அது எதைத் தின்னுட்டு வளருது, டாக்டரம்மா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி வெள்ளத்தாய்க்கு இந்தக் கேள்வி வியப்பளிக்கவில்லை. ராணுவத்தின் சப்ளைப் பிரிவில் ஹவில்தாராக இருந்து, லடாக்கின் பனிமலைகளுக்கு அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் ஏற்றி அனுப்பியவர் அவர். ஓய்வு பெற்றபின் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் கேண்டீனில் சரக்கறைப் பொறுப்பு ஏற்றிருந்தார். உலகத்தில் நடப்பது எதுவாயினும், அதற்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதே அவருடைய முதற்கேள்வி.

வெளியே நோயாளிகள் யாரும் மிச்சமில்லை. டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சர்க்கரையைத்தான் தின்னுது. நீங்க இட்லி சாப்பிட்டாலும் சோறு சாப்பிட்டாலும் ரத்தத்துல அது சர்க்கரையாத்தான் ஓடும். நம்ம உடம்போட செல் ஒவ்வொண்ணும் அந்தச் சர்க்கரையைக் காத்தோட சேர்த்து முழுசா எரிச்சுச் சக்தி எடுத்துக்கும். கொஞ்சம் சர்க்கரை போதும், நிறையச் சக்தி கிடைக்கும். இந்தக் கட்டி அப்படி இல்ல. காத்து இருந்தாலும் முழுசா எரிக்காது. பாதியிலேயே புளிப்பாக்கி வெளியில கொட்டிரும்.”

“ஈர விறகு புகையுற மாதிரியா?”

“ஈர விறகு வழியில்லாம புகையுது. இது தெரிஞ்சே புகைய விடுது. பாதி எரிஞ்ச மிச்சத்துல ஒரு பங்கை எடுத்துப் புதுசு புதுசா செல் கட்டிக்குது. அதுக்கு நெருப்பை விடச் செங்கல்தான் முக்கியம். அதனாலதான் மத்த செல்லை விடப் பல மடங்கு சர்க்கரை அதுக்கு வேண்டியிருக்கு.”

“கொள்ளக்காரப் பய,” என்றார் தனுஷ்கோடி. “இண்டென்ட்டுச் சீட்டே போடாம சரக்கு எடுக்கான்.”

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, உடம்பில் சர்க்கரைக்குக் கிடங்கு அதே கல்லீரல்தான் என்றும், ஆகவே வயிற்றைக் காயப்போடாமல் சிறிது சிறிதாக அடிக்கடி உண்ண வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பின்பாதி வெள்ளத்தாயின் காதில் விழுந்தது. தனுஷ்கோடியின் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த வெள்ளத்தாய்க்கு, மில் சரக்கறையில் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டு வீடு திரும்பும் நாளின் முகம் அது என்று தெரிந்தது. அவர் மனம் டாக்டர் சொன்ன முன்பாதியிலேயே நின்றுவிட்டது.

“இன்னும் எம்புட்டு நாளும்மா?” என்று வெள்ளத்தாய் கேட்டாள்.

“சில மாசம். அதுக்கு மேல நான் சொன்னா பொய்யாயிரும். நடமாட்டத்தோட இருக்கலாம். கடைசி வரைக்கும் ஆளைத் தெரிஞ்சு, பேசிக்கிட்டு இருக்கணும். அதைத்தான் நாம பாத்துக்கணும்.”

‘ஆளைத் தெரிஞ்சு’ என்ற அந்த ஒரு சொல்லை வெள்ளத்தாய் மனதில் முடிந்துகொண்டாள். அவளைப் பெற்ற தகப்பனார் கடைசி நாட்களில் தலைமாட்டில் இருந்த மகளை அன்னியப் பெண்ணாகப் பார்த்துக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே கண் மூடியவர். கணவரின் உயிரை, ஊர்த் தெய்வமான நாச்சியாரிடம் கேட்கும் துணிவு அவளுக்கு இல்லை. அவர் தன்னை அறிந்தபடியே போக வேண்டும் என்பது மட்டுமே அவள் வேண்டுதல்.

தங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும் பேருந்தில், மலையடிவாரத்துத் தோப்புகள் பின்னால் நழுவிக்கொண்டிருக்க, தனுஷ்கோடி தம் திட்டத்தைச் சொன்னார்.

“மலை மேல ஒரு போஸ்ட்டப் பிடிக்கணும்னா, குண்டு போடுறதுக்கு முன்னால என்ன செய்வாக தெரியுமாட்டி? சப்ளைய வெட்டுவாக. பத்து நாள் ரேஷன் போகலேன்னா எப்பேர்ப்பட்ட பயலும் கையத் தூக்கிட்டு எறங்கி வருவான்.”

“டாக்டரம்மா நல்லாச் சாப்பிடுங்கன்னுல்ல சொன்னாக?”

“அது வார போற நோயாளிக்கெல்லாம் சொல்றது. எங்க மில்லுல மெனு போர்டு இருக்குல்லா, அந்த மாதிரி. எழுதியிருக்கும். யாரும் படிக்க மாட்டான்.”

அது எண்பத்தெட்டாம் ஆண்டுக் கார்த்திகையின் கடைசி. நாச்சியார் அவதரித்த ஊரில் மார்கழி என்பது வெறும் மாதம் அன்று. அவர்கள் வீட்டில் அந்த மாதம் முழுவதும் நெய்யும் பாலும் புழங்குவதில்லை. வைகறையில் நீராடி, பஜனைக் கோஷ்டியோடு திருவீதி வலம் வந்து, பிறகே மற்ற வேலை. தனுஷ்கோடி அந்த நோன்பை இந்த ஆண்டு கடுமையாக்கினார். இனிப்பை அறவே தள்ளினார். பழத்தையும் தள்ளினார். உச்சிப்பொழுதில் ஒரு வேளை, கைப்பிடிச் சோறும் கீரையும். இரவில் துளசித் தீர்த்தம். கட்டியைக் கொல்லும் முற்றுகையும் கடவுளுக்கு உகந்த நோன்பும் ஒன்றாகக் கூடி வந்ததில் அவருக்குப் பெருமையாக இருந்தது. வெள்ளத்தாய்க்கு அச்சமாக இருந்தது. ஆனால் நோன்பை நிறுத்து என்று சொல்ல, நாச்சியார் கோயில் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த எந்தப் பெண்ணுக்கு நா எழும்? அவளும் சேர்ந்து ஒரு வேளை உண்டாள்.

மார்கழி பிறந்து சில நாட்கள் கழிந்தபின் முதன்முறையாக அது நடந்தது. கோஷ்டி மாடவீதி திரும்பிக்கொண்டிருந்தது. பனி மூடிய வைகறை. முன்னால் விளக்கேந்திக் கோஷ்டித் தலைவர் குருசாமி நாயக்கர் பாடிச் செல்ல, ஜால்ரா தட்டிக்கொண்டிருந்த தனுஷ்கோடியின் கை தாளம் தப்பியது. சட்டை முழுக்க வியர்வை. உடம்பெல்லாம் நடுங்கிற்று. ஜால்ராவை வீசி எறிந்துவிட்டு, விழிகள் நிலைகுத்த, யாருக்கோ ஆணையிடும் குரலில் கத்தத் தொடங்கினார். இந்தியும் தமிழும் கலந்த அந்தச் சொற்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை.

“மலைச்சாமி மகன்ல!” என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. “அப்பன்மேல எறங்குன சாமி மகன்மேல வந்துருச்சு!”

அவர் தகப்பனார் மலைச்சாமி, கான்சாபுரத்துக் குலக்கோயிலில் கருப்பசாமிக்குச் சாமியாடியாக இருந்தவர். அவர் போனபின் சாமி வேறு யார்மேலும் இறங்கவில்லை. பங்காளிகள் ஒவ்வொரு கொடைத் திருவிழாவிலும் காத்திருந்து ஏமாந்திருந்தார்கள். ஆகவே, வியர்த்து நடுங்கும் அந்த மனிதரைக் கண்டதும் யாருக்கும் ஐயம் தோன்றவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். நாயக்கர் கர்ப்பூரம் காட்டி, அன்றைய பிரசாதமாகிய சர்க்கரைப் பொங்கலை அவர் வாயில் ஊட்டினார். சற்று நேரத்தில் நடுக்கம் அடங்கிற்று. தனுஷ்கோடி கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

“என்ன, எல்லாரும் என்னையச் சுத்தி நிக்கீக? ஜால்ராவ எவன் பிடுங்கினது?”

“பிரசாதம் பட்டதும் சாமி மலையேறிருச்சு,” என்று நாயக்கர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செய்தி கான்சாபுரத்துக்கு அன்றே போயிற்று. தம்பி முத்துவீரன் மறு பேருந்தில் வந்து அண்ணன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வயலும் வரப்புமாக இருக்கும் முரட்டு மனிதர் குழந்தையைப் போல் விம்மினார்.

“அண்ணே, நம்ம வாசலத் தேடி வந்துட்டாருண்ணே. இனி ஒனக்கு எந்தக் கட்டி என்ன செய்யும்?”

அன்று மாலை தனுஷ்கோடி வெள்ளத்தாயிடம் தனியே சொன்னார். “நான் இம்புட்டு நாள் மூட்டைய எண்ணிக்கிட்டே காலத்த ஓட்டிட்டேன். அப்பாவுக்குக் கெடச்சது எனக்குக் கெடைக்கும்னு நெனச்சே பாக்கல. முற்றுகைய நான் ஒத்தையா ஆரம்பிச்சேன். இப்போ அவரும் தொணைக்கு வந்துட்டாரு.” அவர் குரலில் இதுவரை அவள் கேட்டறியாத ஒரு குழைவு இருந்தது. அதைக் கேட்டபின் அவளுக்குத் தடுக்க மனம் வரவில்லை.

அதன்பின் வைகறைதோறும் கூட்டம் வீட்டுக்கே வந்தது. அவரால் வீதிவலம் வர முடியாத நாட்களில், முற்றத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். சாமி வந்ததும் குறி கேட்டார்கள். அடுத்த தெரு முத்துப்பேச்சி, மகள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாள். தனுஷ்கோடி பல்லைக் கடித்துக்கொண்டு, “கான்வாய் வடக்க மாட்டிக்கிச்சு! சீனி மூட்டை எங்கல? சீனி மூட்டை எங்க?” என்று முழங்கினார்.

“ஆத்தாடி!” என்றாள் முத்துப்பேச்சி. “மாப்பிள்ளை வடக்கேயிருந்து வாரானாம். சீனி ஆலையில வேலையாம். கேட்டீகளா?”

“ஏட்டி, சீனி ஆலையா, சீனிக் கடையான்னு கேட்டுக்கோ. பொறவு மாத்திச் சொல்லாத,” என்றாள் இன்னொருத்தி.

கூட்டம் சிரித்தது. வெள்ளத்தாயும் சிரித்திருப்பாள். அந்நேரம் அவர் பார்வை அவள்மேல் திரும்பியது.

“யாருட்டி நீ? கேட்டுக்குள்ள ஒன்னைய யாரு விட்டா?”

சாமியின் வாக்கு என்று மற்றவர்கள் கைகூப்பினார்கள். அவளுக்கு மட்டும் தகப்பனாரின் தலைமாடு நினைவுக்கு வந்தது. அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டு, எதற்கென்று தெரியாமல் பானையைத் துலக்கினாள்.

அடுத்த சில வைகறைகளில் அவள் குலவையிடவில்லை, கவனித்தாள். கோஷ்டியில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்த நாளில் சாமி சீக்கிரம் மலையேறியது. சுண்டல் கொடுத்த நாளில் வெகுநேரம் நின்றது. துளசித் தீர்த்தத்துக்கு அசையவே இல்லை. உச்சிப்பொழுதில் சோறு உண்டபின் ஒரு நாளும் வந்ததில்லை. கர்ப்பூரத்துக்கும் உடுக்கைக்கும் கட்டுப்படாத சாமி வெல்லத்துக்குக் கட்டுப்படுவது அவளுக்கு விளங்கவில்லை. தெய்வத்தைச் சோதிக்கிறோமே என்று நாச்சியார் படத்துக்கு முன் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, ராஜபாளையத்தில் ஒரு வேலை இருக்கிறதென்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினாள்.

அவள் சொல்லி முடிக்கும்வரை டாக்டர் கிருபாபாய் குறுக்கிடவில்லை. முடிந்ததும் மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“நான் வயித்தக் காயப்போடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீக. அவிய, கட்டிக்குச் சப்ளைய வெட்டுறேன்னு நிக்காக.”

“கட்டி பட்டினி கிடக்காது, அம்மா. வெளியில இருந்து சாப்பாடு வரலேன்னா உடம்பு தன் சதையைக் கரைச்சுச் சர்க்கரை பண்ணும். அவர் தோளு எலும்பாயிருக்குமே, பாத்தீங்கள்ல? அந்தச் சதையைத்தான். கட்டி கொட்டுன புளிப்பைக்கூட, மிச்சம் இருக்கிற நல்ல ஈரல் பொறுக்கி எடுத்து, தன் சக்தியைச் செலவழிச்சுத் திரும்பவும் சர்க்கரையாக்கித் தரும். அதையும் கட்டி எடுத்துக்கும். போதாததுக்கு இன்சுலின் மாதிரி ஒரு சரக்கைச் சுரந்து ரத்தத்துச் சர்க்கரையை இன்னும் இறக்கி விட்டுரும். ராத்திரி முழுக்க வயிறு காலி. கிடங்கும் காலி. விடியக்காலம் மூளைக்குச் சர்க்கரை இருக்காது. அப்போ வேர்க்கும், நடுங்கும், கத்தும். எதிர்ல நிக்கிறது யாருன்னு தெரியாது.”

வெள்ளத்தாய் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அப்போ அது சாமி இல்லையா, டாக்டரம்மா?”

“சாமியைப் பத்தி நான் சொல்ல முடியாது. சர்க்கரையைப் பத்திச் சொல்லலாம். அந்த நேரத்துல ரத்தம் எடுத்துப் பாத்தா கையில காட்டிருவேன். நடுக்கம் ஆரம்பிச்சதும் விழுங்குற நினைவு இருந்தா, இனிப்பா ஏதாவது குடிக்கக் குடுங்க. நினைவு தப்பிருச்சுன்னா வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாது, புரையேறிரும். இங்க தூக்கிட்டு வந்துருங்க, ஊசியில ஏத்தணும். ராத்திரி படுக்குறதுக்கு முன்னால சாப்பாடு, விடியக்காலம் எழுப்பி ஒரு தடவை சாப்பாடு. ஒரு நாள் முழுப் பட்டினி போட்டா மறுநாள் எழுந்திரிக்கவே மாட்டார்.”

வீட்டுக்கு வந்தபோது முத்துவீரன் வந்திருந்தார். பங்காளிகள் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். மறுநாள் வைகறையில் வேன் வரும். கான்சாபுரத்துக் கோயிலில் மலைச்சாமியின் அரிவாளை அண்ணன் கையில் கொடுத்துச் சாமியாடியாக முறைப்படி ஏற்பார்கள். அதுவரை அண்ணன் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் இருக்க வேண்டும். கோயிலில் கிடா வெட்டிப் பூசை முடிய எப்படியும் மாலையாகிவிடும்.

தம்பி கடைத்தெருவுக்குப் போன பிறகு வெள்ளத்தாய் கணவரின் முன் வந்து உட்கார்ந்தாள். உச்சிச் சோறு உண்டு அவர் தெளிவாக இருந்தார். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். தன் சொல்லில் சொன்னால் ஏற்கமாட்டார் என்று அறிந்து, அவர் சொல்லிலேயே சொன்னாள்.

“நீங்க ரோட்ட மறிச்சுட்டீக. ஆனா எதிராளி கிடங்குக்குள்ளயே உக்காந்திருக்கான். சாவி அவன் கையில. மிச்ச மீதியெல்லாம் அவன் தின்னுட்டு, பட்டினி கெடக்குறது நம்ம ஆளு.”

தனுஷ்கோடியின் முகம் கறுத்தது.

“அப்போ நான் விடியக்காலம் பசியில உளறுறேன். அதான சொல்ல வார?”

“டாக்டரம்மா சொன்னதச் சொன்னேன்.”

“இம்புட்டு வயசுல ஒரு நல்லது என்னையத் தேடி வந்திருக்கு. தம்பி கால்ல விழுந்து அழுதான். ஊரே வந்து நிக்கி. ஒனக்கு மட்டும் அது வெல்லப்பாகாத் தெரியுதாக்கும். பொறாமையாட்டி ஒனக்கு?”

“என்னைய யாருன்னு கேக்கீக. அதுதான் எனக்குத் தெரியுது.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: “என்கிட்ட ஏன் கேக்க? நாளைக்குச் சாமி வருமுல்ல. சாமிகிட்டயே கேளு.”

“சரி. கேக்கேன்,” என்றாள் வெள்ளத்தாய்.

அன்றிரவு அவர் தண்ணீரும் குடிக்கவில்லை. வைகறையில் அவள் குளித்து, வெல்லத்தைக் கரைத்துச் சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டுப் பானகம் ஆக்கி, நாச்சியார் படத்தின் முன் வைத்து நிவேதித்தாள். வெளியே வேனின் சத்தம் கேட்டது. அரிவாளைச் சிவப்புப் பட்டில் சுற்றி ஏந்திக்கொண்டு முத்துவீரன் முன்னே வர, பங்காளிகள் பின்னே வந்தார்கள். வழியெல்லாம் சாமியைப் பாடி அழைத்து வர ஒருவர் வேண்டும் என்று குருசாமி நாயக்கரையும் கூட்டி வந்திருந்தார்கள். முற்றத்தில் உடுக்கை முழங்கியது.

தனுஷ்கோடி வழக்கத்தைவிட மோசமாக இருந்தார். வியர்வை பாயை நனைத்திருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. சொற்கள் குழறின. இன்னும் சற்று நேரம் போனால் விழுங்கும் நினைவும் தப்பிவிடும் என்று வெள்ளத்தாய்க்குப் பட்டது. செம்பை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“மதினி!” முத்துவீரன் கையை நீட்டி மறித்தார். “என்ன காரியம் செய்யுதீக? சாமிக்கு இன்னும் ஒண்ணும் படைக்கல.”

“நாச்சியாருக்குப் படைச்ச பானகம்தான். செத்த நேரம் பொறுங்க, கொழுந்தனாரே. சாமிகிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க அண்ணன்தான் கேக்கச் சொன்னாக.”

குறி கேட்பதை யார் தடுப்பார்கள்? உடுக்கை நின்றது. வெள்ளத்தாய் கணவரின் முன் மண்டியிட்டாள்.

“சாமி, நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து உங்க கோயில்ல ஒரு கொடை தவறாம பொங்கல் வச்சிருக்கேன். நான் யாரு சாமி? என் பேரென்ன?”

தனுஷ்கோடி அவளை வெறித்துப் பார்த்தார். உதடுகள் அசைந்தன.

“குடோன் கேட்ட மூடு,” என்றார். “யாரு இவ? வெளிய போகச் சொல்லு.”

“சாமி, இந்தா நிக்கிறது யாரு? உங்க அரிவாளத் தூக்கிட்டு வந்திருக்காகளே, இவுக யாரு?”

அவர் முத்துவீரனையும் அப்படியே பார்த்தார். கண்ணில் எந்த அறிமுகமும் இல்லை. “லோடு எறக்காதல,” என்றார் ஈனக்குரலில்.

முத்துவீரனின் கை, பட்டுத்துணியைப் பிடித்தபடியே தாழ்ந்தது. முதலில் வாய் திறந்தவர் குருசாமி நாயக்கர்தான்.

“ஏமய்யா முத்துவீரா, வீட்டு மருமகளத் தெரியாத கொலதெய்வம் உண்டா? சொந்தப் பிள்ளையத் தெரியாத கருப்பன் உண்டா? எனக்குப் பயமா இருக்குப்பா. பானகம் நாச்சியார் உண்டதுதான். குடும்மா, குடு.”

யாரும் மறிக்கவில்லை. வெள்ளத்தாய் அவர் தலையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, மடக்கு மடக்காகக் கொடுத்தாள். முதல் மடக்கு கடைவாயில் வழிந்தது. இரண்டாவதை விழுங்கினார். செம்பு பாதியாகும்போது அவர் கையே செம்பைப் பற்றிக்கொண்டது. அந்தக் காத்திருப்பில் ஒருவரும் உடுக்கையைத் தொடவில்லை. கிழக்கு வெளுத்து, கோபுரத்தின் மேல்நிலை தெரியத் தொடங்கியபோது அவர் கண்ணில் ஒளி வந்தது.

“வெள்ளத்தாயி,” என்றார். “குளுருது. ஒரு துண்டு எடு.”

அவள் துண்டைப் போர்த்திவிட்டாள். அவர் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அரிவாளைப் பார்த்தார். “என்ன நடந்துச்சு?” என்று நாயக்கரைக் கேட்டார். நாயக்கர் மறைக்காமல் சொன்னார்.

“ஒங்க சம்சாரத்த யாருன்னு கேட்டீரு. தம்பியையும் தெரியல. பானகம் குடிச்சதும் தெரியுது. அம்புட்டுத்தான் நான் கண்டது.”

தனுஷ்கோடி துண்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டார். அவருக்குள் என்ன இடிந்து விழுகிறது என்பது வெள்ளத்தாய்க்குத் தெரியும். வாழ்நாளின் ஓரத்தில் கிடைத்த ஒரே பெருமை அது. வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறினால், அந்தப் பெருமையோடு அன்றே போய்ச் சேரலாம்.

“ஏலே முத்துவீரா,” என்றார் கடைசியில். “கருப்பசாமிக்கு இவளத் தெரியாமப் போகாது. எனக்குத்தான் தெரியாமப் போயிருக்கு. சாமி இல்லலே இது. ஸ்டோர் காலி. அப்பா அருவாளக் கொண்டு போய் இருந்த எடத்துல வையி. அவருக்கு வேணுங்கிற ஆள அவரே பாத்துக்கிடுவாரு.”

“பங்காளியெல்லாம் கூடி நிக்காக, அண்ணே. நான் என்னத்தச் சொல்லுவேன்?”

“அண்ணன் உளறிட்டான்னு சொல்லு. பொய்யா?”

முத்துவீரன் பட்டைச் சரியாகச் சுற்றாமலே வேனை நோக்கி நடந்தார். வாசலில் ஒரு கணம் நின்று, “அசிங்கப்படுத்திட்டீக, மதினி,” என்றார். வெள்ளத்தாய் செம்பை எடுத்து உள்ளே வைத்தாள். பங்காளிகளும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சீனி ஆலை மாப்பிள்ளை என்ன ஆவான் என்று முத்துப்பேச்சி வாசலில் நின்று கேட்டதற்கு மட்டும் ஒருவரும் விடை கூறவில்லை.

“இட்லி இருக்கா?” என்றார் தனுஷ்கோடி.

அன்று பகலிலேயே ராஜபாளையம் போனார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இட்லி உண்டபின்னும் சர்க்கரை இறங்கியே இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதன்பின் வீட்டில் ஒழுங்கு மாறியது. படுக்கும் முன் சோறு, வைகறையில் எழுப்பிக் கஞ்சி, எழுந்ததும் இட்லி, இடையிடையே பழம். மார்கழியில் பால் சேர்க்கலாமா என்று வெள்ளத்தாய் தயங்கியபோது, நோயாளிக்கு நோன்பில்லை, மருந்தாகக் கொடு என்று நாயக்கர் தீர்த்துவிட்டார். நடுக்கம் அறவே ஒழியவில்லை, எப்போதாவது வந்தது. வந்தால் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரிந்திருந்தது.

கட்டியும் வளர்ந்தது. அது ஊருக்கே தெரிந்தது. வயிறு குடமாக உப்பிக் கால் வீங்கிற்று. தாம் உண்பதில் பங்கு அதற்கும் போகிறது என்பது தனுஷ்கோடிக்குத் தெரியும். “ரெண்டு பேருக்கும் சேத்துப் பொங்குட்டி,” என்பார். “எனக்கு ஒரு கரண்டி, அந்தக் களவாணிப் பயலுக்கு ரெண்டு கரண்டி. நான் இருக்கிற வரைக்கும்தான அவனுக்கும் சோறு? அது தெரியல மடப்பயலுக்கு.”

பஜனையில் சாமி வந்து ஆடிய நாட்களைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு முறை, தை மாதத்து வெயிலில் உட்கார்ந்திருக்கும்போது, “நல்லாத்தான் இருந்துச்சு, இல்ல?” என்றார். அவள், “ஆமா,” என்றாள். அது பொய்யும் அன்று.

மாசி முடிவில் முத்துவீரன் வந்தார். முதலில் வாசலிலேயே நின்றார். “ஏலே, உள்ள வாடா. சாமி இல்லேன்னா அண்ணனும் இல்லையா?” என்று உள்ளிருந்து குரல் வந்தபின் வந்து காலடியில் உட்கார்ந்தார். அண்ணனும் தம்பியும் கிணற்று மோட்டாரைப் பற்றியும் வாய்க்கால் வரப்பைப் பற்றியும் பேசினார்கள். பின்னும் பல நாள் உறவுக்காரர்கள் வந்து போனார்கள். தனுஷ்கோடி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, முறை சொல்லி அழைத்தார். எவரிடமும் ஒரு கேலி மிச்சம் வைக்கவில்லை.

பங்குனியில், உத்திரத்துக்கு முந்திய நாள், காலையிலிருந்தே மூச்சு வாங்கியது. வெள்ளத்தாய் சிறு கரண்டியால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கரண்டியில் போதும் என்று கையசைத்தார். அவள் வாயைத் துடைத்துவிட்டுக் கிண்ணத்தோடு எழுந்தாள்.

“வெள்ளத்தாயி,” என்றார் தெளிவாக. “செத்த நேரம் உக்காரு. அடுப்பு எங்கயும் போயிராது.”

அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.